குழந்தைகள் வார்டில் தாயின் இடம்

நர்சிங் மாணவிகளுக்குக் குழந்தைகள் வார்டு போஸ்டிங் என்றாலே ஒரு நடுக்கம் உண்டு. எனக்கும் இருந்தது. அங்கே எல்லா மருந்தும் கிலோ கணக்கில்தான். எட்டு கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 800 மி.லி. திரவம் தேவை. மைக்ரோ டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு என்பதால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 சொட்டு விட வேண்டும். அந்தத் திரவ அளவு, 1957-இல் ஹாலிடே, செகர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த கணக்கு. இதை மனப்பாடம் செய்துவிடலாம். குழந்தையின் மூச்சை எண்ணுவதுதான் கடினம்.

அழும் குழந்தையின் மூச்சை எண்ணிப் பயனில்லை. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 40 என்ற எல்லையை மூச்சு தொட்டால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். அழுகை அந்த எண்ணிக்கையையே பொய்யாக்கிவிடும். எங்கள் வார்டு சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “பிள்ளையைத் தொடாதீங்கம்மா. அம்மா மடியிலயே இருக்கட்டும். சட்டையை மட்டும் விலக்கச் சொல்லிட்டு, தள்ளி நின்னு முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க.” தெர்மாமீட்டரும் ஸ்டெதஸ்கோப்பும் போலத் தாய் மடியும் சிகிச்சைக்கு வேண்டியது என்று எனக்குப் புரிந்தது அந்த வார்டில்தான். அந்த மடியை மருத்துவமனைகள் நெடுங்காலம் வெளியே நிறுத்தி வைத்திருந்தன என்பதைப் பின்னால் டியூட்டராகப் பாடம் எடுக்கத் தொடங்கியபோது படித்தேன்.

குழந்தைகளுக்கென்றே தனி மருத்துவமனை 1802-இல் பாரிஸில் தொடங்கியது. லண்டனில் சார்லஸ் வெஸ்ட் என்ற மருத்துவரின் முயற்சியால் 1852 பிப்ரவரியில் கிரேட் ஆர்மண்ட் தெருவில் பத்துப் படுக்கைகளோடு ஒன்று பிறந்தது. நோயுற்ற குழந்தையைப் பராமரிப்பது தனிப் பயிற்சி தேவைப்படும் வேலை என்று வெஸ்ட் உணர்ந்திருந்தார்; இரண்டே ஆண்டில் அதற்கென ஒரு கையேடும் எழுதினார். நம் தொழிலின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் அந்த நூற்றாண்டும் அடுத்ததன் முதல் பாதியும் பிரிட்டனின் வார்டுகளில் பெற்றோரைத் தள்ளியே வைத்தன. பல இடங்களில் வாரத்தில் ஒரு நாள் ஓரிரு மணி நேரம் பார்க்கலாம். சில இடங்களில் அதுவும் கிடையாது. தொண்டை அடைப்பானும் தட்டம்மையும் வார்டு வார்டாகப் பரவிய காலம் என்பதால் தொற்றுப் பயம் நியாயமானதே. இன்னொரு காரணமும் சொன்னார்கள்: அம்மா வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது.

அந்த அமைதி என்ன என்பதை உலகுக்குக் காட்டியவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் சமூகப் பணியாளராக இருந்த அவர், குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் சேர்க்கப்பட்ட இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்தார். தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தினமும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரம் தெரியும்படி எடுத்தார். முதலில் கதறல், அடுத்து நம்பிக்கை இழந்த மௌனம், முடிவில் பெற்றவளிடமிருந்தே விலகல் என்று பிரிவின் கட்டங்களை அவர் வரிசைப்படுத்தினார். 1952-இல் படம் திரையிடப்பட்டபோது மருத்துவர்களும் செவிலியர்களும் கோபப்பட்டார்கள். ஆனாலும் 1959-இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு அரசுக்கு அறிக்கை தந்தது: பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தையோடு தாயும் தங்கலாம். குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் நியூகாசிலில் 1920-களிலேயே தாயையும் சேர்த்து அனுமதித்துக் காட்டியதற்குக் கிடைத்த அங்கீகாரம் அது.

நம் அரசு மருத்துவமனைகளில் நான் கண்டது வேறு. தாய் கட்டிலிலேயே இருப்பார். பாட்டி கீழே பாய் விரித்திருப்பார். தூக்குச்சட்டியில் வீட்டுக் கஞ்சி வரும். செவிலியர் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அந்த நெருக்கத்தில் நாங்கள் கற்றது அதிகம். “முகமே சரியில்ல சிஸ்டர்” என்று ஒரு தாய் சொன்னால் ஓடிப்போய்ப் பார்க்கப் பழகினோம். சார்ட்டில் காய்ச்சல் ஏறுவதற்கு முன்னால் அவர் கண்ணில் அது பட்டுவிடும்.

தாயின் கை ஒரு சிகிச்சை முறையையே தாங்க முடியும் என்பதற்கு 1971 சான்று. வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்தன. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த நீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர் கையில் குவளையைக் கொடுத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு உலகின் நம்பிக்கையைப் பெற்றுத்தந்த இடங்களில் அந்த முகாமும் ஒன்று. 1978-இல் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், டாக்டர் எட்கர் ரே எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்து அணைத்து வைத்தார். அதுவே இன்றைய கங்காரு பராமரிப்பு. பிறந்தவுடனே அதைத் தொடங்கினால் உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்படும் என்று 2021-இல் வெளியான, இந்தியாவும் பங்கேற்ற ஆய்வு நிறுவியது.

நம் வீடுகளின் பாலாடையும் இந்த வரலாற்றில் வரும். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குறைப்பிரசவக் குழந்தைக்குக் கறந்த தாய்ப்பாலைப் புகட்ட, பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்று அதைத்தான் எடுக்கிறோம். தமிழ்ப் பாட்டிகளின் கை அறிந்த பாத்திரத்தை எவர்சில்வரில் செய்து, கொதிக்க வைத்து, புகட்டத் தாய்க்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கதவுக்கு வெளியே காத்திருக்கும் தாய்மார்களைப் பார்க்கிறேன். குடும்பத்தையும் பராமரிப்பில் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு 2017-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை நடைமுறையாக்க வேண்டியவர்கள் வார்டில் நிற்கும் செவிலியர்கள்தான். அதனால் என் மாணவிகளிடம் கேஸ் ஸ்டடி நோட்டில் மருந்துக் கணக்குக்கு முன்னால் இன்னொன்றை எழுதச் சொல்கிறேன்: தாய் என்ன கவனித்தார், அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள். வீட்டுக்குப் போன பிறகு அந்தக் குழந்தையின் செவிலி அவர்தான். அவரைத் தயார்செய்யாமல் டிஸ்சார்ஜ் செய்தால் நம் வேலை பாதியில் நிற்கிறது.