``சாப்பிட்டியா?"ன்னு கேட்டா பொய் சொல்லத் தோணுதா? உணவோடும் உடம்போடும் மறுபடி ராசியாக ஒரு வழிகாட்டி

போடிநாயக்கனூரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, ``சாப்பிட்டாச்சா?" என்பதுதான். விடியறதுக்கு முன்னாடியே போடிமெட்டு ஏறும் ஜீப்புக்காக, தூக்குவாளியோடு காத்திருக்கும் ஏலத்தோட்டத்து அக்காக்களும் அதைத்தான் கேட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் உண்மையான பதில்தான் வரும். சிலரிடமிருந்து மட்டும், பழகிப்போன ஒரு பொய் வரும்: ``இப்பதான் சாப்பிட்டேன்."

அந்தச் சிலரில் நீங்களும் ஒருத்தரா? அப்போ இது உங்களுக்குத்தான்.

இது வீம்பு இல்ல, நோய்

காலையில் வெறும் வரக்காப்பி. மதியம் ரெண்டு வாய். ராத்திரி எல்லாரும் தூங்கினதும், அடுப்படியில் நின்றபடியே வயிறு வலிக்கும்வரை சாப்பாடு. அப்புறம் அழுகை, `நாளைக்கு ஒண்ணும் சாப்பிடக் கூடாது'ன்னு ஒரு சபதம். நாளைக்கும் அதே கதை.

எடை கூடிடுமோ என்ற பயத்தில் உணவை ஒதுக்கிக்கொண்டே போவது அனரெக்ஸியா. அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி, பட்டினி என்று போவது புலிமியா. ஈடுகட்டாமல், கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவது மட்டும் திரும்பத் திரும்ப நடந்தால் பின்ஜ் ஈட்டிங். ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்றில்லை. எந்த உடல்வாகிலும், ஆண்களுக்கும் வரும்.

`இதெல்லாம் வெளிநாட்டு வியாதி' என்பவர்களுக்கு ஒரு தகவல். 1990-களிலேயே சென்னை மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களிடம் ஆய்வு செய்தார்கள். ஏறத்தாழ 15 சதவிகிதம் பேருக்கு, முழு நோய் என்று சொல்ல முடியாவிட்டாலும், உணவும் எடையும் பற்றிய மன உளைச்சல் இருந்தது.

பசி செய்யும் வேலை

`எனக்கு மனக்கட்டுப்பாடே இல்ல'ன்னு உங்களை நீங்களே திட்டிக்கிறீங்களா? 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். சமையல் புத்தகங்களை வாசித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் எவ்வளவு சாப்பிட்டும் திருப்தி வராமல் தவித்தார்கள்.

உடம்பைப் பற்றிய கவலையே இல்லாதவர்களுக்கு அது நடந்தது. அதனால், ராத்திரி அடுப்படியில் நடப்பது உங்கள் குணக்கேடு இல்ல. பகல் முழுக்கப் போட்ட பட்டினியும் அதற்கு முக்கியக் காரணம்.

எங்கிருந்து தொடங்குவது?

* முதல் மருந்து, நேரத்துக்குச் சாப்பாடு. மூணு வேளை உணவு, நடுவில் ரெண்டு மூணு தடவை சிற்றுண்டி. இடைவெளி நாலு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வாழைப்பழம், சுண்டல், கடலை மிட்டாய் போதும். மலைக்கு வேலைக்குப் போறவங்க ஜீப் ஏறும் முன் ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுங்க.
* நேற்று அதிகம் சாப்பிட்டாலும் இன்று காலை உணவைத் தவிர்க்காதீங்க. சுழற்சி உடையும் இடம் அதுதான்.
* விரதத்தைச் சாக்காக வைத்துப் பட்டினி கிடக்கிறோமான்னு உங்களையே கேட்டுப் பாருங்க. குணமாகும்வரை விரதத்தைத் தள்ளிவைக்கலாம்.
* எடை மெஷினில் தினமும் ஏற வேண்டாம். `இளைச்சதும் போடலாம்'னு பீரோவில் வைத்த சுடிதாரை யாருக்காவது கொடுத்துட்டு, இப்போதைய உடம்புக்குச் சரியாக ஒண்ணு தைத்துக்கொள்ளுங்க.

ஓர் எச்சரிக்கை. பல நாளாக மிகக் குறைவாகவே சாப்பிட்டு வந்தவர்கள், திடீரென நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் உப்புச்சத்துகள் ஆபத்தாகக் குறையலாம். அவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் உணவைக் கூட்ட வேண்டும். மயக்கம், படபடப்பு, மாதவிடாய் நின்றுபோவது, அடிக்கடி வாந்தி இருந்தால் தள்ளிப்போடாதீங்க. வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

போடி, ஏலக்காய்ச் சந்தைக்குப் பேர்போன ஊர். காயைச் சல்லடையில் சலித்து, 8 மில்லிமீட்டருக்கு மேலே, கீழே என்று தரம் பிரிப்பார்கள். பெருசுக்கு ஒரு விலை, சிறுசுக்கு ஒரு விலை. கல்யாண வீடுகளில் மனுஷங்களையும் இப்படித்தான் சலிக்கிறோம். ``என்ன மதினி, பூசினாப்ல ஆயிட்டீங்க?", ``இளைச்சதும் அழகாயிட்ட!" இரண்டாவது பாராட்டுதான். ஆனா, பட்டினி கிடந்து இளைத்த பெண்ணுக்கு அது `இன்னும் கிட'ன்னு கேட்கும்.

அதனால், உடம்பைப் பற்றிய பேச்சே வேண்டாம். தட்டை எட்டிப் பார்த்துக் கணக்குக் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்க. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் வேறு எதையாவது பேசிக்கொண்டிருங்க. குற்ற உணர்ச்சி அதிகம் குத்தும் நேரம் அது.

யாரிடம் போவது?

14416 என்ற டெலிமனஸ் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், உடனே கூப்பிடுங்க. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. நேரில் போவதென்றால், க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. `எப்படிச் சொல்றது'ன்னு தயக்கமா? ``சாப்பாடு விஷயத்துல என்னால சமாளிக்க முடியல, டாக்டர்" என்ற ஒரு வரி போதும். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

குணமாக மாதங்கள் ஆகலாம், சிலருக்கு வருடங்கள்கூட. நடுவில் சறுக்கும். சறுக்கினால் அடுத்த வேளைச் சாப்பாட்டில் இருந்து மறுபடி தொடங்கலாம்.

இன்னைக்கு ஒரே ஒரு விஷயம் செய்யுங்க. நம்பிக்கையான ஒருத்தர், அது அப்பத்தாவோ தோழியோ, ``சாப்பிட்டியா?"ன்னு கேட்கும்போது, ``இல்ல, இன்னும் சாப்பிடல. கூட உட்காருறீங்களா?"ன்னு சொல்லிப் பாருங்க.