வலு

இலங்கையின் வெள்ளவத்தையில் "பிள்ளை வலு கெட்டிக்காரன்" என்றால் அங்கே ‘வலு’வுக்கு ‘மிக’ என்று பொருள். அதே பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தில் வலு என்பது ஒரு செக்கனில் செலவாகும் சக்தி, அலகு உவாற்று. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைத் ‘திறன்’ என்கின்றன. அந்தச் சொல் கைத்தேர்ச்சியையும் குறிப்பதால் எனக்கு வலுவே பொருத்தமாகப் படுகிறது. வேர் ‘வல்’, வலிமை, வல்லமை, வன்மை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. கேத்தல் 8 அம்பியர் இழுத்தால், இரண்டையும் பெருக்க வருவது வலு: 1840 உவாற்று. வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் 28.75 ஓம், அது தடை, ‘தடு’ என்ற வினையில் பிறந்தது. மின்கட்டணத்தில் வரும் யூனிற்றோ வலு அல்ல. 1000 உவாற்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிற், அது சக்தி.