கூடுவாஞ்சேரித் தறியிலிருந்து வந்த கவலைக் கணக்கு

குரோம்பேட்டையில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், அப்புறம் கூடுவாஞ்சேரி. மனுஷனுக்கு நிம்மதியாக இருக்கச் சொல்லிக் கொடுக்க இந்தத் தடத்தில் இரண்டு பேர் முயன்றிருக்கிறார்கள். ஒருவருடைய முயற்சி ஸ்டேஷன் பெயராகவே நிற்கிறது. இங்கிலாந்தில் கணிதமேதை ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் சானடோரியம் அது. 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. காசநோய்க்குச் சரியான மருந்து வராத காலம். சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, இவைதான் வைத்தியம். மாசக்கணக்கில் படுத்தே கிடப்பவர்களுக்கு யோசிப்பதைத் தவிர வேறென்ன வேலை இருந்திருக்கும் என்று, அந்த வேலியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இன்னொருவர் கூடுவாஞ்சேரிக்காரர். 1911 ஆகஸ்ட் 14ஆம் தேதி ஓர் ஏழை நெசவாளர் வீட்டில் பிறந்த வேதாத்திரி. பின்னாளில் மகரிஷி என்ற பட்டம் சேர்ந்து, ஊருக்கு ஊர் மன்றம் வந்து, 'வாழ்க வளமுடன்' என்ற வாழ்த்து ஆட்டோ முதுகு வரை ஏறிவிட்டது. அந்தப் புகழில் அவர் தறிக்காரர் என்பது மங்கிப்போனது. அவர் சொல்லிக்கொடுத்ததில் இன்றைக்கும் எனக்குப் பயன்படுகிற பகுதி தறிக்காரரிடமிருந்து வந்தது என்பது என் கட்சி.

குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் காலுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை. பழகிவிட்டால் இரண்டும் தானாக நடக்கும். மனசு சும்மா கிடக்கும், சும்மா கிடக்கும் மனசு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். நூல் கடன், கூலியில் கழிக்கப்படும் முன்பணம், பெண்ணுக்குக் கல்யாணம். விடியலில் தெருவில் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டிருப்பார்கள். மேகம் கூடினால் குடும்பமே வானத்தை அண்ணாந்து பார்க்கும். மழை விழுந்தால் அன்றைய வேலை போச்சு. கார்த்திகை மாதத்து நெசவாளத் தெருவில் கவலை என்பது மனக்கோளாறு இல்லை, வரவு செலவு.

பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுத் தறியில் உட்கார்ந்த பையன், இளைஞனாகி வேலை தேடிச் சென்னைக்கு வந்தார். கிருஷ்ணராவ் என்ற ஆயுர்வேத வைத்தியரிடம் வைத்தியமும் தியானமும் கற்றார். பிறகு பரஞ்சோதி மகானிடம் குண்டலினி யோகம். இவற்றுக்கு நடுவே கைத்தறித் துணி வியாபாரம் செய்து, பல நூறு தறிகளுக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். பிறகு அது பெரிய நட்டத்தில் சரிந்தது. பொதுவாகவே கைத்தறிக்குக் கெட்ட காலம். யுத்தத்தின்போது, 1943இல், துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1952-53இல் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தார்கள், கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றது அந்தச் சமயத்தில்தான். அகில இந்தியக் கைத்தறி வாரியம் வந்தது 1952இல்.

இப்படிப்பட்ட தொழிலில் விழுந்து எழுந்தவர்தான் 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த மனவளக்கலையில் தவம் உண்டு, கை கால் பயிற்சி உண்டு, காயகல்பம் உண்டு. என்னைப் பிடித்து உட்கார வைத்தது அகத்தாய்வு என்ற பகுதி. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அது போகும். ஓர் எண்ணம் ஏன் வருகிறது? தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத்தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம் என்று ஆறு காரணம் சொல்வார். கடைசி இரண்டை நான் தொடுவதில்லை. முதல் நான்கே என் வீட்டுக்குப் போதும். நான்காவதுக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்றே சாட்சி.

கவலையை அவர் ஏறக்குறையத் தப்பாகப் போட்ட கணக்கு என்றே வைக்கிறார். தாளை எடு, இருக்கும் கவலைகளை எழுது, நான்கு பத்தியாகப் பிரி: அனுபவித்தே தீர வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது, அலட்சியம் செய்ய வேண்டியது. கடன்காரர்கள் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு யாருக்கு இன்று, யாருக்கு அறுவடைக்குப் பிறகு என்று பிரிக்கும் வியாபாரியின் கை இதில் எனக்குத் தெரிகிறது. காட்டுக்குப் போய்த் தவம் செய்தவருக்கு 'தள்ளிப்போடு' என்று ஒரு பத்தி தோன்றியிருக்காது.

நான் டெலிபோன் இலாகாவில் டிரங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். எதிர்வீட்டு அம்மா "அக்கா, ஒரு நாள் வந்து பாருங்க, பிடிக்கலைன்னா விட்டுடுங்க" என்று மனவளக்கலை மன்றத்துக்கு இழுத்துப் போனார். ஆசிரியர் நான்கு வகையைக் கரும்பலகையில் எழுதியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று சீட்டுப் பிரித்தே என் காலம் போயிருக்கிறது. எல்லாக் காலும் லைட்னிங் என்று எடுத்துக்கொண்டால் போர்டே உட்கார்ந்துவிடும். ஆனால் என் சொந்தத் தலைக்குள் எல்லாமே லைட்னிங்தான்: வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறியது, பையன் போன் எடுக்காதது, கேஸை மூடினோமா, நாத்தனார் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசாதது. எழுதிப் பார்த்தால் சர்க்கரை மட்டும் உடனே தீர்க்க வேண்டியது. பரிசோதனைக்கு நாள் குறித்தால் முடிந்தது. முழங்கால் வலி அனுபவித்தே தீர வேண்டியது. நாத்தனார் முகம் நான்காவது பத்தி. அந்தப் பத்திதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அலட்சியம் செய்யச் சொன்னால் மனசு கேட்கிறதா? இல்லை. ஆனால் பத்தியில் எழுதிவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்ப வரும்போது 'உன்னைத்தான் பதிவு செய்தாச்சே' என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது. அவ்வளவுதான். அதுவே பெரிசு.

இதே காலத்தில் உலகத்தில் மற்றவர்களும் இதே பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். கவலையை விட்டு வாழச் சொல்லும் டேல் கார்னகியின் புத்தகம் 1948இல் அமெரிக்காவில் வந்தது. அவரும் தாளில் எழுதச் சொன்னார். அறுபதுகளில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், எண்ணத்தை எடுத்து வைத்து அது நிஜமா என்று விசாரிக்கும் சிகிச்சையை உருவாக்கினார். 1983இல் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும், கவலைப்படுவதற்கு என்று தினமும் ஒரே இடத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதை அந்த அரைமணிக்கு ஒத்திப்போடச் சொன்னார்கள். அப்படிச் செய்தவர்களுக்குக் கவலை குறைந்தது. கூடுவாஞ்சேரிக்காரரின் இரண்டாவது பத்திதான் அது, வேறு வாசல் வழியாக.

குண்டலினியை எழுப்புவது, உயிராற்றலை மேலே ஏற்றுவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கண்ணை மூடி இருபது நிமிஷம் உட்கார்ந்தால் மூச்சு சீராகிறது, அதற்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை. எனக்கு உள்ள குறை வேறு. அந்த நான்கு பத்திகளும் ஒற்றை ஆளுக்கானவை. 1952இல் பட்டினி கிடந்த நெசவாளர் தன் கவலையை எந்தப் பத்தியில் எழுதுவார்? உடனே தீர்க்க அவரால் முடியாது. அனுபவித்துத் தீர் என்று சொல்வது அநியாயம். அதைத் தீர்க்கக் கூட்டமும் ஊர்வலமும் சட்டமும் வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் தண்ணீர் புகுந்த பிறகு, ராத்திரி மழை கொட்டினால் இந்தப் பக்கத்தில் பலருக்குத் தூக்கம் கிடையாது. பத்திரத்தையும் மாத்திரையையும் பரணில் ஏற்றுவது என் வேலை, செய்துவிட்டேன். கால்வாயைத் தூர் வாருவது என் தலைக்குள் தீருகிற விஷயம் இல்லை. ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டுக்கொண்டிருக்கிறேன்: சேர்ந்து மனு கொடுக்க வேண்டியது. எங்கள் தெருச் சங்கத்துக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டுவேன். மற்ற நான்கைவிட அந்தப் பத்திதான் எனக்குத் தூக்கம் கொடுத்திருக்கிறது.

வேதாத்திரி 2006 மார்ச் 28ஆம் தேதி காலமானார். ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் இருக்கிறது. நம் பக்கத்திலும் தெருவுக்குத் தெரு இல்லாவிட்டாலும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மன்றம் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். தாளும் பென்சிலும் அன்றாடக் கவலைக்குத்தான். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்து, சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றத் தொடங்கினால் அது மன்றத்து ஆசிரியரின் வேலை இல்லை, டாக்டரின் வேலை. மன்றத்திலேயே இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் சொல்வதில்லை. 1794இல் தொடங்கிப் பிற்பாடு கீழ்ப்பாக்கத்துக்கு வந்த அரசு மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லி ஒருவரை ஒருவர் கேலி செய்தே நாம் வளர்ந்தோம். அந்தக் கேலியால் எத்தனை பேர் வாசல்படி ஏறாமல் இருந்தார்களோ. இப்போது வாசல்படி ஏறாமலே பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் எண் 14416. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.