திருவக்கரையில் மழை தோண்டியெடுத்த மரங்கள்

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போறவங்க கல்மரத்தைப் பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க. மரம் கிடக்கிற பள்ளத்தை யாரும் பெரிசா கவனிக்கறதில்லை. எனக்கு அந்தப் பள்ளம்தான் முக்கியமாத் தோணுது.

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இந்த இடத்தை 1781-ல் பதிவு செய்தவர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். ஊரில் சொல்லும் கதை வேறு: வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகளாம் இவை. சில துண்டுகளின் நீளத்தையும் வெளுப்பையும் பாத்தா, அந்தக் கதையைச் சொன்னவரைக் குறை சொல்ல முடியாது!

மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். இவை இங்கேயே வளர்ந்தவை அல்ல. வேர் கிடையாது, கிளை கிடையாது. எல்லாமே படுத்த வாக்கில் கிடக்கின்றன. எங்கிருந்தோ வெள்ளம் உருட்டி வந்து, மணலில் புதைத்திருக்கிறது. காற்றுப் படாததால் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்படிப் புதைந்தது வெளியே வந்தது எப்படி? அதுவும் தண்ணீர் வேலைதான். மேலே மூடியிருப்பது கடலூர் மணற்கல். பேருதான் கல், பல இடங்களில் கையால் உதிர்த்துவிடலாம். இரும்புச்சத்தால் சிவந்த இந்த மண்ணை ஒவ்வொரு மழையும் அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மரமோ கத்தியால் கீறினாலும் கோடு விழாத சிலிக்கா. மண் போய்விடுகிறது, மரம் நின்றுவிடுகிறது. இன்று நாம் பார்க்கும் 200-க்கும் மேற்பட்ட மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மேலிருந்த மண்ணை அகற்றியது மழைதான்.

இங்கேதான் சிக்கல். இதே மணற்கல் மேட்டில்தான் ஆரோவில்லும் இருக்கிறது. காடு அழிந்து செம்மண் ஓடைகளாகப் பிளந்திருந்த அந்த நிலத்தில், 1968-க்குப் பிறகு வந்தவர்கள் வரப்பு போட்டு, மரம் நட்டு மண்ணைப் பிடித்தார்கள். அங்கே அது சரி. திருவக்கரையில் முழுக்க அப்படிச் செய்தால், உள்ளே இன்னும் கிடக்கிற மரங்கள் உள்ளேயே இருக்கும். ஒன்றுமே செய்யாமல் விட்டால், வெளியே வந்தவற்றின் அடிமண் போய், விரிசல் விட்ட துண்டுகள் ஓடையில் சரியும்.

வெளியே தெரியும் மரங்களைச் சுற்றி மட்டும் தண்ணீரைத் திருப்பிவிட்டு, மற்ற ஓடைகளை அதன் போக்கில் விடலாம் என்பது என் கட்சி. போகிறவர்கள் ஐப்பசி மழைக்குப் பிறகு போங்க. ஓடைச் சரிவுகளில் மரத்தின் முனை ஏதாவது புதுசா எட்டிப் பாக்குதான்னு தேடுங்க. கண்டா, தொடாம வந்துடுங்க.