விலைக்கு வந்த பெயர் – 4: எழுத்துகளைக் கழற்றிய நாள்

2012 பிப்ரவரி. வட இங்கிலாந்தின் குளிர் இன்னும் விட்டபாடில்லை. நியூகாசில் நகரின் நடுவே, மேட்டில் நிற்கும் கால்பந்து ஸ்டேடியத்தின் வெளிச்சுவரில் இருந்த 'செயின்ட் ஜேம்ஸ் பார்க்' என்ற எழுத்துகளைக் கழற்றி இறக்கினார்கள். பெயர் மாறிவிட்டது என்ற அறிவிப்பு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை அது வெறும் காகிதத்தில் இருந்த செய்தி. இப்போது கண் முன்னே சுவர் காலியானது.

அதே சுவர்ப்பக்கம் சில நாட்களில் வேறொரு எழுத்து வந்தது. பழைய பெயரை யாரோ கையாலேயே பெயின்ட் அடித்து எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு பெயருக்கு ஏன் இத்தனை பாடு? அதற்கு அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டவுன் மூர் என்ற பெரிய மேய்ச்சல் நிலத்தின் ஓரம் அது. அந்தப் புல்வெளியில் இன்றைக்கும் மாடு மேய்கிறது. 1880-இலேயே அங்கே பந்து உருண்டது. நியூகாசில் அணி 1892-இல் அங்கே குடிவந்தது. அந்தக் காலத்தில் மைதானம் மட்டமாகக்கூட இல்லை. லீசஸ் முனைக்கும் கேலோகேட் முனைக்கும் நடுவே 18 அடி சரிவு! கேலோகேட் என்றால் தூக்குமரத் தெரு. குற்றவாளிகளைத் தூக்குக்கு அழைத்துப்போன வழி அது. அந்தப் பெயரைக்கூட யாரும் மாற்றவில்லை. தாத்தா நின்று கத்திய இடத்தில் பேரன் நின்று கத்துகிறான். இருவரும் சொல்லும் பெயர் ஒன்றே.

சென்ற வாரம் பார்த்த மைக் ஆஷ்லி 2007-இல் கிளப்பை வாங்கியபோது ஊரே கொண்டாடியது. கோடீஸ்வரர், கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரசிகர்களோடு ரசிகராக உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே அணியின் மேலாளர் கெவின் கீகன் விலகினார், உறவு கசந்தது. 2009 மே மாதம் அணி பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கியது. காயம் ஆறுவதற்குள் அந்த ஆண்டு இறுதியில் அடுத்த அடி விழுந்தது: பெயர் உரிமை விற்பனைக்கு. ஆள் கிடைக்கும்வரை மாதிரிக்கு ஒரு பெயர் வைத்தார்கள். 'ஸ்போர்ட்ஸ்டைரக்ட் டாட் காம் அட் செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஸ்டேடியம்'. ஸ்போர்ட்ஸ் டைரக்ட் ஆஷ்லியின் சொந்தக் கடை. வாய் வலிக்காமல் ஒருவரும் அதைச் சொல்ல முடியாது, ஒருவரும் சொல்லவும் இல்லை.

2011 நவம்பரில் வந்ததுதான் பெரிய அடி. அணி மேலே ஏறி வந்து, முதல் 11 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லாமல் பட்டியலில் மூன்றாம் இடத்தில் நின்ற வாரம் அது. ஊர் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அறிவிப்பு: இனி இது 'ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா'. பழைய பெயர் வியாபாரத்துக்கு எடுபடாது என்றது நிர்வாகம். பெயரை விற்றால் ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி பவுண்டு வரை வரும், நல்ல ஆட்டக்காரர்களை வாங்கலாம், வரப்போகும் கம்பெனிக்குக் காட்டத்தான் இந்தத் தற்காலிகப் பலகை என்று கணக்கும் சொன்னது.

இந்தக் கணக்கை நான் அலட்சியம் செய்யவில்லை. போட்டி கிளப்புகளின் வருமானம் எட்டாத உயரத்தில் இருந்தது உண்மை. 2006-இல் ஆர்சனல் புது ஸ்டேடியம் கட்டியபோது எமிரேட்ஸ் என்ற பெயரோடுதான் அது பிறந்தது, ரசிகர்களுக்கும் பழகிவிட்டது. நியூகாசில்காரர்களும் பணத்தைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் இல்லை. ஊர் பீர் கம்பெனியின் நீல நட்சத்திரத்தை நெஞ்சில் பெருமையாகச் சுமந்தவர்கள். பிறகு நார்தர்ன் ராக் வங்கியின் பெயரையும் சுமந்தார்கள். ஆனால் சட்டை வருஷத்துக்கு வருஷம் மாறுகிற பொருள். பிறந்த ஊரின் பெயரை யாராவது வருஷத்துக்கு ஒன்றாக மாற்றுவார்களா? புதுக் கட்டடத்துக்குப் பெயர் வைப்பது வேறு, நூறு வருஷம் புழங்கிய பெயரைப் பிடுங்குவது வேறு. ரசிகர்களின் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

அவர்கள் செய்த எதிர்ப்பிலேயே வலுவானது எது தெரியுமா? புதுப்பெயரை வாயால் சொல்லவே மறுத்ததுதான். பேச்சில், பாட்டில், டாக்ஸியில் ஏறி இடம் சொல்லும்போது, எல்லாவற்றிலும் பழைய பெயர்தான்.

கோடையில் எதிர்பாராத இடத்திலிருந்து துணை வந்தது. லண்டன் ஒலிம்பிக்கின் கால்பந்து ஆட்டங்கள் சில நியூகாசிலுக்கு ஒதுக்கப்பட்டன. அன்றைய விதிப்படி ஒலிம்பிக் அரங்குகளில் விளம்பரப் பெயருக்கு இடமில்லை. ஜூலை 26 அன்று மெக்சிகோவும் தென் கொரியாவும் மோதியபோதும், ஆகஸ்டில் நெய்மரின் பிரேசில் ஆடியபோதும், உலகத்துக்கு அந்த இடம் செயின்ட் ஜேம்ஸ் பார்க். பெயர் இரண்டு வாரம் வீட்டுக்கு வந்து போனது.

ஒலிம்பிக் முடிந்தது. பெயரும் போனது.

அக்டோபர் 9. கிளப்பிலிருந்து புது ஸ்பான்சர் பற்றிய அறிவிப்பு. கம்பெனியின் பெயரைக் கேட்டதும் நகரம் அதிர்ந்தது. வோங்கா! சம்பளம் வரும்வரை கைமாற்றுக் கடன் கொடுத்துவந்த நிறுவனம். வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி 4,000 சதவீதத்துக்கும் மேல். நம் ஊர் மீட்டர் வட்டியே அதன் முன் கூச்சப்படும். வேலையின்மை வாட்டிய வட்டாரத்தில், கடன் வாங்கிச் சட்டை வாங்கும் ரசிகனின் நெஞ்சிலேயே அந்தக் கடன்காரனின் பெயரா என்று நகர மன்றத்திலிருந்தே எதிர்ப்பு கிளம்பியது.

அந்த ஒப்பந்தத்தில் சட்டை மட்டும் இல்லை. ஸ்டேடியத்தின் பெயர் உரிமையையும் சேர்த்து வோங்கா வாங்கியிருந்தது. காலிச் சுவரில் எந்த எழுத்தை மாட்டுவது என்பது இனி அவர்கள் கையில்.

அறிவிப்பின் அடுத்த வரியில் அந்தப் பெயர் இருந்தது. அதைப் படித்தவர்கள் நம்ப முடியாமல் மறுபடியும் முதலிலிருந்து படித்தார்கள்...

(அடுத்த வாரம்)