யார் கட்டிய டெல்லி?

டெல்லிக்குச் சுற்றுலா போய்வந்தவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பட்டியல் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக்கில் பராத்தா, இந்தியா கேட். மறுநாள் விடியற்காலையில் ஆக்ராவுக்குக் கிளம்பி தாஜ்மகால். கல்லூரிப் பெண்களை அழைத்துப் போகும் கல்விச் சுற்றுலாவுக்கும் இதே தடம்தான். ஒவ்வோர் இடத்திலும் வழிகாட்டி ஓர் அரசரின் பெயரைச் சொல்வார். குத்புதீன் ஐபக் தொடங்கினார், இல்துமிஷ் முடித்தார், ஷாஜஹான் கட்டினார், ஆங்கிலேயர் கட்டினர். இரண்டே நாளில் எண்ணூறு ஆண்டு வரலாறு முடிந்துவிடும். அதில் ஒரு பெண் வருவது கடைசி நிறுத்தமான தாஜ்மகாலில் மட்டும். அங்கும் அவர் கட்டியவர் இல்லை, இறந்துபோனவர்.

இதே தடத்தில், இதே கட்டடங்களுக்கு நடுவிலும் பக்கத்திலும், பெண்கள் தங்கள் பணத்தில் கட்டிய டெல்லி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கத் தனிப் பயணச்சீட்டு வேண்டாம். போகும் இடமெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இதைக் கட்டப் பணம் கொடுத்தது யார்? இன்று இது யார் பெயரில் இருக்கிறது? இதற்குள் யார் நுழையலாம்?

குதுப் மினாரிலிருந்தே தொடங்கலாம். அந்த வளாகத்தின் ஒரு மூலையில் இல்துமிஷின் கல்லறை இருக்கிறது. உட்சுவர் முழுக்க நுணுக்கமான கல் வேலைப்பாடு. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கோட்டை போன்ற மதில்களோடு நிற்கிறது சுல்தான் காரி. தனக்கு முன்பே இறந்துபோன மூத்த மகன் நசிருதீன் மஹ்மூதுக்காக 1231ல் இல்துமிஷ் கட்டிய நினைவிடம் அது. அரியணையே ஏறாத மகனுக்கு அவ்வளவு பெரிய கட்டடம். சரி, அதே இல்துமிஷின் மகள், 1236 முதல் 1240 வரை டெல்லி சுல்தானகத்தை ஆண்ட ரஸியா எங்கே இருக்கிறார்?

பழைய டெல்லியில் துருக்மான் கேட் அருகே, புல்புலி கானா என்ற பகுதியின் குறுகலான சந்துகளுக்குள் நுழைந்து, வழி கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். நான்கு பக்கமும் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவே கூரையில்லாத ஒரு சிறு முற்றம். அதில் வேலைப்பாடு எதுவுமில்லாத இரண்டு கல் சமாதிகள். அவற்றில் ஒன்று ரஸியாவுடையது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ‘ரஜ்ஜி-சஜ்ஜி’ என்பது அந்த இடத்துக்கு அக்கம்பக்கத்தார் வைத்திருக்கும் பெயர்.

ரஸியா காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் மின்ஹாஜ், அவரை நீதியும் அறிவும் போர்த்திறனும் கொண்ட ஆட்சியாளர் என்று பாராட்டுகிறார். பாராட்டிவிட்டு, ஆணாகப் பிறக்காதபோது இத்தனை தகுதிகளால் என்ன பயன் என்று முடிக்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த வரி, பதவி உயர்வுப் பட்டியலில் இன்றும் பல பெண்களின் பெயருக்கு எதிரே எழுதப்படாமல் நிற்கிறது. ரஸியாவை அரியணையேற்றியதில் டெல்லியின் சாதாரண மக்களுக்கும் பங்குண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடியவர்களிடம் அவர் நேரடியாக நியாயம் கேட்டதாக இபின் பதூதா எழுதுகிறார். மக்களிடம் முறையிட்டு ஆட்சிக்கு வந்தவர், இன்று மக்கள் வீடுகளுக்கு நடுவே கிடக்கிறார். சுற்றுலாப் பேருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

அடுத்த நிறுத்தம் ஹுமாயூன் கல்லறை. 1993 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். தாஜ்மகாலுக்கு முன்னோடி என்று எல்லோரும் சொல்வார்கள். நாற்பகுதித் தோட்டம், உயர்ந்த மேடை, நடுவில் பெரிய குவிமாடம் என்ற வடிவம் முகலாயக் கட்டடக் கலையில் முழுமையாக உருவானது இங்குதான். இதை முன்னின்று கட்டியவராக அறியப்படுபவர் ஹுமாயூனின் மூத்த மனைவி பேகா பேகம். ஹஜ் பயணம் போய்வந்ததால் ஹாஜி பேகம் என்றும் அழைக்கப்பட்டார். 1539ல் சௌசா போரில் ஹுமாயூன் தோற்றபோது ஷேர்ஷாவிடம் சிறைப்பட்டவர் இவர். அதே குழப்பத்தில் தன் சிறு மகள் அகீகாவையும் இழந்தவர். கணவர் இறந்த பிறகு டெல்லியில் தங்கி, மிராக் மிர்சா கியாஸ் என்ற பாரசீகக் கட்டடக் கலைஞரைக் கொண்டு 1560களில் இந்த வேலையை நடத்தினார். அவரும் இதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

மனைவிக்காகக் கணவன் கட்டிய தாஜ்மகாலைக் காதல் சின்னம் என்கிறோம். அதற்கு வழிகாட்டிய கட்டடம், கணவனுக்காக மனைவி கட்டியது. இதை யாரும் காதல் சின்னம் என்று சொல்வதில்லை. விதவை செய்த கடமை என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அதிலும் இன்னொரு சிக்கல் உண்டு. அப்போது ஆட்சியில் இருந்தவர் அக்பர், ஆகவே கட்டியவரும் அவரே என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். யுனெஸ்கோவின் குறிப்பும் அக்பரின் ஆதரவில் கட்டப்பட்டது என்றுதான் சொல்கிறது. அரசுக் கருவூலத்தின் பங்கு எவ்வளவு, பேகத்தின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் விவாதிக்கலாம். ஷாஜஹானிடம் மட்டும் இப்படி யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹுமாயூன் காலத்து வாழ்க்கையை நாம் அறிவதற்கு முக்கியமான ஆதாரம் எது தெரியுமா? அவருடைய தங்கை குல்பதன் பேகம் எழுதிய ‘ஹுமாயூன் நாமா’. போர்க்களத்தோடு நிற்காமல் கூடாரங்கள், திருமணங்கள், தொலைந்த குழந்தைகள், பெண்களின் நீண்ட பயணங்கள் என்று எழுதியவர் அவர். அதன் ஒரே ஒரு பழைய கையெழுத்துப் படிதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் பாதியில் அறுந்து நிற்கிறது.

ஹுமாயூன் கல்லறையிலிருந்து மதுரா சாலையில் கொஞ்ச தூரம் போனால் பழைய கோட்டையும் மிருகக்காட்சிச் சாலையும். எல்லோரும் சாலையின் அந்தப் பக்கத்தையே பார்ப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் கரடுமுரடான கல்லில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. பெயர் கைருல் மனாசில். அக்பரின் செவிலித்தாய் மாஹம் அனகா 1561ல் கட்டியது. பள்ளிவாசலோடு சேர்த்து ஒரு மதரசாவும் வைத்தார். அக்பர் இளைஞராக இருந்தபோது ஆட்சியில் பெரும் செல்வாக்கோடு இருந்தவர் இவர். ‘அந்தப்புரச் சூழ்ச்சிக்காரி’ என்று பாடநூல்களில் படித்திருப்போம். ஆண் அமைச்சர் செய்தால் ராஜதந்திரம், பெண் செய்தால் சூழ்ச்சி. ஆனால் பள்ளிவாசலின் கல்வெட்டில் அவர் பெயர் தெளிவாக இருக்கிறது. தன் பெயரைத் தானே கல்லில் வெட்டிவைத்ததால்தான் அதை வேறு யாராலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி ஷாஜஹானாபாத், அதாவது இன்றைய பழைய டெல்லி. 1639ல் கோட்டைக்கு அடிக்கல் நாட்டி, 1648ல் ஷாஜஹான் குடிபுகுந்த தலைநகரம். இந்த நகரத்தின் முதுகெலும்பான சாந்தினி சௌக்கைத் திட்டமிட்டவர் அவருடைய மகள் ஜஹானாரா. 1650ல் உருவான அந்த வீதியின் நடுவே வாய்க்கால் ஓடியது. ஓரிடத்தில் எண்கோண வடிவக் குளம். அதில் நிலவொளி விழுந்ததால் ‘நிலாச் சதுக்கம்’ என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். குளத்தின் ஒரு பக்கம் பெரிய தோட்டம், வணிகர்கள் தங்க ஒரு சத்திரம். மறுபக்கம் குளியல் மண்டபம். எல்லாம் ஜஹானாரா கட்டியவை.

பணம் எங்கிருந்து வந்தது? 1631ல் தாய் மும்தாஜ் இறந்தபோது ஜஹானாராவுக்கு வயது பதினேழு. தாயின் சொத்தில் பாதி அவருக்கு வந்தது. சூரத் துறைமுகத்தின் வருவாய் அவருக்கு ஒதுக்கப்பட்டது. சொந்தக் கப்பல் வைத்துக் கடல் வணிகமும் செய்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் பெயரில் சொத்து இருந்தது, செலவு செய்யும் முடிவும் அவர் கையில் இருந்தது. அதனால் அவரால் ஒரு நகரத்தின் நடுவீதியை அமைக்க முடிந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை எதற்கு, வீட்டுக்குள் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்பவர்களைச் சாந்தினி சௌக்கில் நிறுத்திப் பதில் சொல்லலாம்.

பிரெஞ்சுப் பயணி பெர்னியர் அந்தச் சத்திரத்தைப் பார்த்து வியந்து, பாரிஸின் புகழ்பெற்ற சதுக்கத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அதே பெர்னியர்தான் ஜஹானாராவையும் அவர் தந்தையையும் இணைத்து ஓர் அருவருப்பான வதந்தியையும் எழுதிவைத்தார். மனூச்சி என்ற இன்னொரு ஐரோப்பியர் அதைப் பொய் என்று மறுத்தார். ஆனாலும் சத்திரத்தைப் பற்றி எழுதியதைவிட வதந்தியே அதிகம் பரவியது. சொத்தும் அதிகாரமும் உள்ள, மணமாகாத பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதில் பதினேழாம் நூற்றாண்டுக்கும் நம் தெருவுக்கும் பெரிய தூரமில்லை.

அந்தச் சத்திரத்தை இன்று தேடினால் கிடைக்காது. 1857 எழுச்சியை ஒடுக்கிய பிறகு ஆங்கிலேயர் அதை இடித்துவிட்டு, அந்த இடத்தில் டவுன் ஹாலைக் கட்டினார்கள். பேகத்தின் தோட்டம் ‘குயின்ஸ் கார்டன்’ ஆனது. டவுன் ஹால் முன்னால் விக்டோரியா மகாராணியின் சிலை நின்றது. ஒரு பெண்ணின் பெயரை அழிக்க இன்னொரு பெண்ணின் பெயர் பயன்பட்டது. விடுதலைக்குப் பிறகு விக்டோரியாவை அகற்றிவிட்டு சுவாமி சிரத்தானந்தரின் சிலையை வைத்தார்கள். தோட்டத்துக்குக் காந்தியின் பெயர் வந்தது. ஆண்டவர்கள் மாறினார்கள், பெயர்களும் மாறின. ஜஹானாராவின் பெயரைத் திரும்ப வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சாந்தினி சௌக்கின் மேற்கு முனையில் ஃபதேபுரி மசூதி. ஷாஜஹானின் மனைவியரில் ஒருவரான ஃபதேபுரி பேகம் 1650ல் கட்டியது. இன்னொரு மனைவி அக்பராபாதி பேகம் கட்டிய பள்ளிவாசலை 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்தார்கள். இரண்டு பெயர்களையும் பாருங்கள். ஃபதேபூர் ஓர் ஊர். அக்பராபாத் என்பது ஆக்ரா. வீட்டுக்கு வந்த மருமகளை ‘மதுரைக்காரி’, ‘திருச்சிக்காரி’ என்று நம் வீடுகளில் கூப்பிடுவதில்லையா, அதேதான். அரண்மனையிலும் பெண்ணுக்கு ஊர்ப்பெயர்தான்.

பெயரின் கொடுமை உச்சத்துக்குப் போன இடம் ஹௌஸ் காஜி. அங்கே சிவப்புக் கல்லில் ஒரு சிறிய பள்ளிவாசல், 1823ல் முபாரக் பேகம் பெயரில் எழுந்தது. நடனக் கலைஞராக இருந்து, டெல்லியின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் டேவிட் ஆக்டர்லோனியின் துணைவியானவர் அவர். ஆக்டர்லோனிக்குப் பல துணைவியர் இருந்ததை வரலாற்று நூல்கள் சுவாரசியமாக விவரிக்கின்றன. அவருக்குக் கொல்கத்தாவில் வானுயர ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். முபாரக் பேகத்தின் பள்ளிவாசலுக்கு ஊர் வைத்த பெயர் ‘ரண்டி கி மஸ்ஜித்’. அந்தச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லத் தேவையில்லை, நம் தெருச் சண்டைகளிலும் உலவும் வசவுதான் அது. இருநூறு ஆண்டுகளாக மக்கள் தொழுகை நடத்தும் இடத்தை அந்த வசவால்தான் அடையாளம் சொல்லிவந்தார்கள். 2020 ஜூலை மாதத்து மழையில் அதன் நடுக் குவிமாடம் இடிந்து விழுந்தது. செய்தித்தாள்களில் அந்தப் பெயர் மறுபடி அச்சேறியது.

இவர்கள் எல்லோரும் அரண்மனையோடும் அதிகாரத்தோடும் தொடர்புடையவர்கள் என்பதை மறக்க வேண்டாம். அவர்களுடைய செல்வம் உழவர்கள் கட்டிய வரியிலிருந்தும் துறைமுகச் சுங்கத்திலிருந்தும் வந்தது. கல் சுமந்த பெண்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. 1911ல் தலைநகரைக் கொல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்து, 1931ல் புது டெல்லியைத் திறந்துவைத்தார்கள். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மண்ணும் செங்கல்லும் தலையில் சுமந்தவர்களில் ராஜஸ்தானத்துப் பெண்கள் ஏராளம். ஆண்களைவிடக் குறைந்த கூலி அவர்களுக்கு. இந்தியா கேட்டிலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்த நீண்ட சாலை இருக்கும் பகுதி லட்யன்ஸின் பெயரால் அறியப்படுகிறது. அதற்கு நடை போட்ட கால்கள் அவர்களுடையவை.

ஜஹானாராவின் சமாதி நிஜாமுதீன் தர்காவுக்குள் இருக்கிறது. 1681ல் இறந்தவர். பளிங்குச் சல்லடைச் சுவர்களுக்கு நடுவே, கூரை இல்லாமல், மேலே மண்ணும் புல்லும் மட்டும். எளியவளின் கல்லறைக்குப் பசும்புல்லே போதும் என்று அவரே எழுதிவைத்தது அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தலைநகரத்தின் நடுவீதியை அமைத்தவர், தனக்கென்று எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்.

அங்கிருந்து சில அடிகள் நடந்தால் நிஜாமுதீன் அவுலியாவின் சன்னிதி. ஆண்கள் உள்ளே போவார்கள். பெண்கள் வெளியே சல்லடை வழியாகப் பார்த்து, நேர்த்திக்கடன் நூலைக் கட்டிவிட்டுத் திரும்புவார்கள். 2018ல், சபரிமலைத் தீர்ப்பு வந்த சில மாதங்களில், சட்டக் கல்லூரி மாணவிகள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்கள், அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுச் சும்மா திரும்பாமல் கேள்வி கேட்டதால் வந்த வழக்கு அது.

டெல்லிக்குப் போகிற பெண்கள் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் பார்க்காமல் வர வேண்டியதில்லை. கைருல் மனாசிலுக்குப் பத்து நிமிடம், புல்புலி கானாவுக்கு ஒரு மணி நேரம், சாந்தினி சௌக்கில் டவுன் ஹால் முன்னால் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். கல்விச் சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஆசிரியைகள் இதைப் பயணத் திட்டத்திலேயே எழுதிவிடலாம். வழிகாட்டி அரசரின் பெயரைச் சொல்லி முடித்ததும் அந்த மூன்று கேள்விகளையும் சத்தமாகவே கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால், இப்போது உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அடுத்த குழுவுக்கு அவர் சொல்வார்.