மரையும் எழுத்தும்

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு குழுத் திட்டம் கொடுத்தார்கள். கலைப்பிரிவில் மூன்று பேர், தொழிற்கல்விப் பிரிவில் இரண்டு பேர். நம்ம வட்டார வரலாற்றோடு தொடர்புள்ள ஒரு எந்திரத்தை, ஓடுகிற மாதிரியாகச் செய்து காட்ட வேண்டும். மாவட்டக் கண்காட்சிக்கு ஒரு குழுதான் போகும். நான்தான் அச்சு எந்திரம் என்று சொன்னேன்.

காரணம் புன்னைக்காயல். சாத்தான்குளத்திலிருந்து நாசரேத், குரும்பூர், ஆத்தூர் என்று பஸ் மாறிப் போனால், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஊர். முத்துக்குளித்துறையில் பரதவர்களோடு அரை நூற்றாண்டு வாழ்ந்து, 1600இல் அங்கேயே இறந்த போர்த்துகீசியப் பாதிரி என்றீகே என்றீக்கஸ்தான் 'தம்பிரான் வணக்க'த்தைத் தமிழாக்கியவர். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கப் புத்தகம் அது. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல். 1586இல் வந்த 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சானதாக ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அச்சு வேலைக்குப் பரதவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவையும் சார்ட்டில் எழுதி, மேலே 'தமிழ் அச்சின் தந்தை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். என் வேலை முடிந்தது என்று நினைப்பு.

எந்திரம் கேட்க எளிது. இரண்டு மரத்தூண், குறுக்கே ஒரு சட்டம், நடுவில் திருகு, அதன் அடியில் அழுத்துப் பலகை. கைப்பிடியை இழுத்தால் திருகு இறங்கும், பலகை காகிதத்தை மை தடவிய எழுத்தின் மேல் அமுக்கும். ஐரோப்பாவில் திராட்சை பிழியும் எந்திரத்திலிருந்து வந்த யோசனை. சட்டம் இரண்டு நாளில் முடிந்தது. திருகுதான் மாட்டேன் என்றது. யூடியூப் பார்த்து நாங்கள் வெட்டிய மரை பாதியில் ஒன்றோடொன்று மோதியது.

தொழிற்கல்விக்காரன் ஒருவனுடைய தாத்தா மரவேலை ஆசாரி. எங்கள் கட்டையைப் பார்த்துச் சிரித்தார். "கோடு போடாம உளிய வச்சியளோ?" பூவரசங்கட்டை ஒன்றை உருட்டி இழைத்தார். ஒரு நீளக் காகிதத்தை முக்கோணமாக வெட்டி அதன் மேல் சுற்றச் சொன்னார். காகிதத்தின் சாய்ந்த விளிம்பு கட்டையைச் சுற்றி ஏறும் கோடாக விழுந்தது. மரை பிறந்துவிட்டது. அதற்குள் மாட்டும் பெண்மரைக்கு இன்னும் நான்கு நாள். முதலாவது விரிந்துபோனது. "பச்சை மரம்லே, அப்படித்தான் செய்யும்" என்று அடுத்ததை எடுத்தார்.

எந்திரம் நின்றது. எதை அச்சடிப்பது? 'முத்து' என்ற ஒரு சொல் போதும் என்று முடிவு செய்தோம். மு, த், து. மூன்றே எழுத்து.

அங்கேதான் எனக்கு வரலாறு புரிய ஆரம்பித்தது. கோவாவுக்கு அச்சு எந்திரம் 1556இலேயே வந்துவிட்டது. எத்தியோப்பியாவுக்குப் போக வேண்டியது, கோவாவில் தங்கிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1554இல், லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருந்தது; ஆனால் ரோமன் எழுத்தில். எந்திரம் வந்த பிறகும் தமிழ் எழுத்தில் ஒரு புத்தகம் வர 22 ஆண்டுகள் ஆயின. எந்திரம் இருந்தது, எழுத்துதான் இல்லை.

ஓர் எழுத்து செய்ய முதலில் எஃகுக் கம்பியின் முனையில் அதைத் தலைகீழ்க் கண்ணாடி பிம்பமாக அரத்தால் செதுக்க வேண்டும். காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கடினமாக்க வேண்டும். செம்புத் துண்டில் அறைந்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஈயக்கலவை ஊற்றினால் ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு 26 வடிவம், பெரிய எழுத்தோடு 52. தமிழுக்கு? உட்கார்ந்து எண்ணினோம். உயிரும் ஆய்தமும் 13, அகர உயிர்மெய் 18, இகரம் முதல் ஊகாரம் வரை 72. புள்ளி வைத்த மெய் தனியாக 18. மொத்தம் 121. கால், கொம்பு எல்லாம் அதற்கு மேல். அந்த முதல் நூல்களில் மெய்க்குப் புள்ளி கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் வந்த பழக்கம் அது. அதனால் எழுத்துச் செதுக்கியவனுக்குப் பதினெட்டு வேலை மிச்சமாகியிருக்கிறது!

நாங்கள் செய்த முதல் 'மு' நேராக இருந்தது. அச்சில் திரும்பி விழுந்தது. பஜாரில் நகை வேலை செய்யும் பத்தர் அண்ணாச்சி கண்ணாடியை எதிரில் வைத்துச் செதுக்கக் கற்றுக் கொடுத்தார். மூன்று எழுத்துக்கு ஒன்பது நாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சார்ட்டைப் பார்த்து ஆசாரியின் பேரன் கேட்டான்: "ஏலே, புத்தகத்த எழுதுனவரு சரி. எழுத்த வெட்டுனது யாருலே?"

தேடினேன். 'தம்பிரான் வணக்கம்' நூலுக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு எழுத்து வரிசைகள் இருக்கின்றன. ஒன்று 1577இல் கோவாவில் செய்தது, மற்றது 1578இல் கொல்லத்தில் செய்தது. கோவா எழுத்தை வார்த்தவர் ஜுவான் கொன்சால்வஸ். அவருக்குத் துணை நின்றவர் பெரோ லூயிஸ் என்ற தமிழர். கொல்லத்து எழுத்து ஜோவாவோ தெ ஃபாரியாவின் வேலை. 1578இல் புத்தகத்துக்குள்ளேயே இடம் பெற்ற எழுத்து வேலை என் சார்ட்டில் ஒரு வரிகூடப் பெறவில்லை.

'தந்தை' என்ற சொல்லை அடித்தேன். கீழே மூன்று பெயரையும் எழுதினேன். எங்கள் அச்சுத்தாளின் அடியில் ஆசாரித் தாத்தா பெயரையும் பத்தர் அண்ணாச்சி பெயரையும் கையால் எழுதினோம். வெளியாட்கள் உதவி என்று தெரிந்தால் மதிப்பெண் குறையும் என்று சார் முன்பே எச்சரித்திருந்தார். குறைந்தது. மாவட்டத்துக்கு வேறு குழு போனது. எனக்கு அப்போது அழுகையே வந்தது. பேரன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தாளில் ஒன்று தாத்தா வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. முத்து என்ற சொல்லில் 'த்' மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அது நான் செதுக்கியது.